ஜப்பான் ரயில் பயணம்: பாஸ் வாங்கலாமா, தனித்தனி டிக்கெட் போதுமா?

ஜப்பானுக்கு விசா கிடைத்ததும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "ஜே.ஆர். பாஸ் வாங்கிவிடலாமா?" என்பதுதான். ஜே.ஆர். ரயில்களில் குறிப்பிட்ட நாட்களுக்கு விருப்பம்போல் ஏறி இறங்கச் சுற்றுலாப் பயணிகளுக்குத் தரும் பாஸ் அது. 2023 செப்டம்பர் வரை இதற்கு யோசிக்காமல் "வாங்குங்கள்" என்று சொல்லலாம். அப்போது 7 நாள் பாஸ் 29,650 யென். டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்த் திரும்பி, விமான நிலைய ரயிலையும் அதிலேயே முடித்துக்கொண்டால் போட்ட பணம் வந்துவிடும். 2023 அக்டோபர் 1 அன்று அதே பாஸ் 50,000 யென் ஆனது. 14 நாளுக்கு 80,000, 21 நாளுக்கு 100,000. ஒரு யென்னை 55 முதல் 60 பைசா என்று வைத்தால் 7 நாள் பாஸ் ஆளுக்கு 27,500 முதல் 30,000 ரூபாய் வரை ஆகிறது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு லட்சத்தைத் தாண்டும்.

விலை ஏறியது, பழைய ஆலோசனை மட்டும் இணையத்தில் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கிறது. முதல்முறை போகும் பெரும்பாலானவர்களின் திட்டம் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா, கூடவே ஹிரோஷிமா என்றுதான் இருக்கும். அந்தத் திட்டத்துக்கு இன்று நாடு முழுவதற்குமான பாஸ் நஷ்டம். ஏன் என்பதையும், எந்தத் திட்டத்துக்கு அது இன்னும் லாபம் என்பதையும் கணக்கோடு பார்க்கலாம்.

முதலில் கம்பெனியைப் பாருங்கள்

இந்தியாவில் சென்னையில் ஏறினாலும் வாரணாசியில் ஏறினாலும் இந்திய ரயில்வேதான். அந்தப் பழக்கத்தோடு ஜப்பானுக்குப் போனால் முதல் நாளே குழப்பம் வரும். அங்கே தேசிய ரயில்வே 1987-ல் பிரிக்கப்பட்டு ஆறு பயணிகள் கம்பெனிகளானது. அவற்றைச் சேர்த்துத்தான் ஜே.ஆர். என்கிறார்கள். அதற்கு வெளியே ஒடாக்யூ, கெய்செய், கெய்க்யூ, ஹான்க்யூ, கின்டெட்சு எனத் தனியார் ரயில்கள் தனித் தண்டவாளம், தனி நிலையம், தனிக் கட்டணம் என்று ஓடுகின்றன. சுரங்க ரயிலும் ஒரே கம்பெனியுடையது அல்ல. டோக்கியோவில் டோக்கியோ மெட்ரோவுக்கு 9 பாதைகள், நகர நிர்வாகத்தின் தோயெய்க்கு 4 பாதைகள். இரண்டுக்கும் கட்டணம் தனித்தனி.

ஜே.ஆர். பாஸ் என்பது ஜே.ஆர். தண்டவாளத்துக்கான பாஸ். டோக்கியோவைச் சுற்றிவரும் யமனோத்தே ரயில், நரிட்டா விமான நிலையத்துக்கான நரிட்டா எக்ஸ்பிரஸ், ஹனேதா விமான நிலையத்துக்குப் போகும் மோனோரயில், மியாஜிமா தீவுக்கான ஜே.ஆர். படகு எல்லாம் அதில் அடங்கும். சுரங்க ரயிலில் செல்லாது. ஒடாக்யூவில் ஏறி ஹகோனே போகவும் செல்லாது. 50,000 யென் கொடுத்த பிறகும் டோக்கியோவில் அசகுசா கோயிலுக்குச் சுரங்க ரயிலில் போனால் கையிலிருந்துதான் காசு கட்ட வேண்டும். பாஸை வைத்துக் கணக்குப் போடும் பலர் விட்டுவிடும் செலவு இது.

கணக்கு

வழக்கமான பருவத்தில் நொசொமி என்னும் ஷின்கான்சென் அதிவேக ரயிலில் முன்பதிவு இருக்கையோடு டோக்கியோ – கியோட்டோ 14,170 யென். டோக்கியோ – ஷின் ஒசாகா 14,720. டோக்கியோ – ஹிரோஷிமா 19,760. கியோட்டோ – ஹிரோஷிமா சுமார் 11,500. கூட்டம் அதிகமான நாட்களில் சில நூறு யென் கூடும், மந்தமான நாட்களில் குறையும்.

டோக்கியோ – கியோட்டோ போய்த் திரும்ப 28,340. பாஸோடு ஒப்பிட்டால் பாதியைச் சற்றுத் தாண்டுகிறது, அவ்வளவுதான். டோக்கியோவிலிருந்து கியோட்டோ, அங்கிருந்து ஹிரோஷிமா, ஹிரோஷிமாவிலிருந்து நேராக டோக்கியோ என்று போனால் ஏறக்குறைய 45,400. இவ்வளவு அலைந்தும் 50,000-ஐத் தொடவில்லை. ஒசாகாவில் இறங்கி டோக்கியோவில் விமானம் ஏறுவதாக இருந்தால் ஒரு வழிக்கே ஷின்கான்சென் டிக்கெட் தேவை. பாஸைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

பாஸில் இன்னொரு குறையும் உண்டு. டோக்கியோ – ஒசாகா பாதையில் மூன்று வகை ஷின்கான்சென் ஓடுகின்றன. நொசொமி கியோட்டோவுக்கு ஏறக்குறைய 2 மணி 15 நிமிடம் எடுக்கும். ஹிகாரி 2 மணி 40 நிமிடம். எல்லா நிலையத்திலும் நிற்கும் கொடாமா மூன்றரை மணிக்கு மேல். பாஸ் வைத்திருப்பவர் ஹிகாரியிலும் கொடாமாவிலும் மட்டுமே கூடுதல் காசில்லாமல் ஏறலாம். நொசொமி வேண்டுமென்றால் டோக்கியோ – கியோட்டோவுக்கு 4,960 யென், டோக்கியோ – ஹிரோஷிமாவுக்கு 6,500 யென் தனியாகக் கட்ட வேண்டும். நொசொமி சில நிமிடங்களுக்கு ஒன்று கிளம்புகிறது. ஹிகாரி மணிக்கு இரண்டுதான். பெரும்பாலான ஹிகாரி ஹிரோஷிமா வரை போவதும் இல்லை, ஷின் ஒசாகாவிலோ ஷின் கோபேயிலோ ஒகயாமாவிலோ இறங்கி சகுரா ரயிலுக்கு மாற வேண்டும். தனி டிக்கெட்டில் போகிறவர் ஒரே நொசொமியில் உட்கார்ந்து போய்விடுவார். பணமும் மிச்சம், நேரமும் மிச்சம்.

பாஸ் எப்போது பலன் தரும்? ஏழு நாளுக்குள் நீளமான பயணங்கள் அடுத்தடுத்து வந்தால். டோக்கியோ – ஹிரோஷிமா போய்த் திரும்பி, அதே வாரத்தில் வடக்கே செண்டாய் போய்த் திரும்பினால் 62,000 யென் தாண்டும். டோக்கியோவிலிருந்து கியூஷூ தீவின் தெற்கு முனையில் உள்ள கககோஷிமா வரை போய்த் திரும்பினாலும் பாஸே மலிவு. ஆனால் அப்படி ஒரு திட்டத்தில் வாரத்தின் பெரும்பகுதி ரயிலுக்குள்தான் கழியும். பாஸை வாங்கிவிட்டோமே என்று ஊர்களைக் கூட்டுவது வேண்டாம். எந்த ஊர், எத்தனை நாள் என்று முடிவு செய்துவிட்டு, அந்த வரிசைக்குத் தனி டிக்கெட் விலைகளைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 55,000 யென்னைத் தாண்டினால் மட்டும் பாஸை யோசியுங்கள். அந்த 5,000 யென் வித்தியாசம், ஹிகாரிக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கான ஈடு.

வாங்குவதானால் மூன்று விஷயம். நாட்கள் தொடர்ச்சியாக எண்ணப்படும், நள்ளிரவோடு ஒரு நாள் முடியும். இரவு எட்டு மணிக்குத் தொடங்கினால் அந்த நாள் போச்சு. குறுகிய காலச் சுற்றுலாவாக நுழைந்ததற்கான முத்திரை பாஸ்போர்ட்டில் இருக்க வேண்டும். படிக்கவோ வேலைக்கோ விசா வாங்கிப் போனவர்களுக்குக் கிடைக்காது. முகவரிடம் வாங்கிய மாற்றுச் சீட்டை மூன்று மாதத்துக்குள் ஜப்பானில் கொடுத்துப் பாஸாக மாற்ற வேண்டும்.

நடுவே ஒரு வழி: வட்டாரப் பாஸ்

நாடு முழுவதற்குமான பாஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் வட்டாரப் பாஸ்களை மறந்துவிடுகிறார்கள். உண்மையில் இன்று சிக்கனம் ஒளிந்திருப்பது இவற்றில்தான். கன்சாய் (ஒசாகா, கியோட்டோ வட்டாரம்) – ஹிரோஷிமா பாஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 விலை உயர்வுக்குப் பிறகு 5 நாளுக்கு 17,000 யென். ஷின் ஒசாகா – ஹிரோஷிமா ஷின்கான்சென்னில் போய்த் திரும்பவே 20,000-க்கு மேல் ஆகும். இந்தப் பாஸில் அந்தப் பாதையில் நொசொமியே செல்லும், மியாஜிமா படகும் சேரும். வழியில் ஹிமேஜி கோட்டைக்கு இறங்கி ஏறலாம். கவனிக்க வேண்டியது ஒன்று: கியோட்டோவிலிருந்து ஷின் ஒசாகா வரையிலான ஷின்கான்சென் துண்டு வேறொரு ஜே.ஆர். கம்பெனியுடையது, அதில் இந்தப் பாஸ் செல்லாது. கியோட்டோவில் தங்கியிருப்பவர் சாதாரண ஜே.ஆர். விரைவு ரயிலில் அரை மணிக்குள் ஷின் ஒசாகா வந்து, அங்கே ஷின்கான்சென் ஏற வேண்டும். இதைப் படிக்காமல் கியோட்டோ ஷின்கான்சென் கேட்டுக்குப் போனால் கேட் திறக்காது.

நரிட்டாவில் இறங்கி ஒசாகாவிலிருந்து கிளம்புகிறவர்கள், மலைப்பக்கம் நகானோ, கனசவா வழியாகப் போக ஆசைப்பட்டால் ஹோக்குரிக்கு ஆர்ச் பாஸைப் பார்க்கலாம். 7 நாள், 2024 மார்ச்சில் 30,000 யென் ஆனது. விமான நிலைய ரயில்களையும் சேர்த்தால் ஏறக்குறைய அதே தொகைதான் தனி டிக்கெட்டுக்கும் ஆகும் என்பதால் வழியில் இரண்டு மூன்று ஊர் இறங்குகிறவர்களுக்கே இது பொருந்தும். அந்த வழியில் ஒசாகா, கியோட்டோவிலிருந்து கனசவாவுக்கு நேராக ஓடிய தண்டர்பேர்டு ரயில் 2024 மார்ச் 16 முதல் சுருகா வரைதான்; அங்கே இறங்கி ஷின்கான்சென் மாற வேண்டும். பழைய பயணக் குறிப்புகளில் இது இருக்காது.

டிக்கெட் எங்கே வாங்குவது

தனி டிக்கெட் என்று முடிவு செய்தால் இரண்டு வழி: நிலையத்தில் காகித டிக்கெட், அல்லது ஸ்மார்ட் இஎக்ஸ் செயலி.

செயலியில் வசதி அதிகம். டோக்கியோ – ஒசாகா – ஹிரோஷிமா – கியூஷூ பாதைக்கு வீட்டிலிருந்தே போடலாம், விலை கவுன்ட்டரைவிடச் சற்றுக் குறைவு. வழக்கமான முன்பதிவு பயண நாளுக்கு ஒரு மாதம் முன்னால் ஜப்பான் நேரம் காலை 10 மணிக்குத் திறக்கும். நமக்குக் காலை 6.30. கேட்டுக்குள் நுழையும் வரை ரயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் மாற்றலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே செயலியைப் பரிந்துரைப்போம். அடையாளத்துக்கு க்யூ.ஆர். குறியீடு வரும், ஆளுக்கொன்று. குடும்பத் தலைவர் போனில் நான்கையும் வைத்துக்கொண்டு முதலில் தானே நுழைந்துவிட்டால் மற்றவர்கள் வெளியே நிற்பார்கள். முன்கூட்டியே பகிர்ந்துவிடுங்கள், அல்லது தாளில் அச்சடித்துக் கொடுங்கள்.

செயலியில் பணம் கட்டும்போது இந்திய அட்டைகள் மறுக்கப்பட்டால் முதலில் வங்கிச் செயலியைப் பாருங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் அட்டையைச் செருகாமல் செலுத்தும் (காண்டாக்ட்லெஸ்) வசதியும் நாமே இயக்கினால்தான் வேலை செய்யும். ஊரிலேயே செய்துவிட வேண்டிய வேலை இது. அங்கே போனபின் ஓ.டி.பி. வரும் சிம் அணைந்திருந்தால் ஒன்றும் ஓடாது.

காகித டிக்கெட்டுக்கும் ஒரு நன்மை உண்டு. 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணமானால் அதில் "டோக்கியோ நகர எல்லை" என்று அச்சாகியிருக்கும். அந்த எல்லைக்குள் ஷின்ஜுகு போன்ற எந்த ஜே.ஆர். நிலையத்தில் ஏறியும் டோக்கியோ நிலையம் வந்து ஷின்கான்சென் பிடிக்கலாம். உள்ளூர்க் கட்டணம் அதிலேயே அடக்கம். செயலி டிக்கெட்டுக்கு இது கிடையாது. ஆனால் இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டே பழக்கதோஷத்தில் ஷின்ஜுகு கேட்டில் ஐசி கார்டை (பணம் நிரப்பித் தொட்டுச் செல்லும் பயண அட்டை) தொட்டுவிட்டால் உள்ளூர்க் கட்டணம் இரண்டாவது முறை போகும். காகிதத்தில் அடிப்படைக் கட்டணச் சீட்டும் விரைவு ரயில் சீட்டும் தனித்தனியாக வரலாம். ஷின்கான்சென் கேட்டில் இரண்டையும் ஒன்றாகச் செருக வேண்டும், மறுபக்கம் வெளிவருவதை மறக்காமல் எடுக்க வேண்டும்.

ஆண்டு இறுதி, ஏப்ரல் கடைசி – மே தொடக்க விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் ஆகிய நாட்களில் நொசொமியில் எல்லாப் பெட்டிகளும் முன்பதிவுதான். "போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்பது அப்போது நடக்காது. மற்ற நாட்களில் ஃபுஜி மலை தெரிய வேண்டுமென்றால் 'இ' (E) வரிசை இருக்கை. டோக்கியோவிலிருந்து கிளம்பி முக்கால் மணி நேரத்துக்குள் வலப்பக்கம் வரும். டோக்கியோ – ஷின் ஒசாகா பாதையான டொகைடோ ஷின்கான்சென்னின் சாதாரணப் பெட்டிகளில் தள்ளுவண்டி விற்பனை 2023 அக்டோபரோடு நின்றுவிட்டது. நிலையத்தில் விற்கும் உணவுப் பெட்டிகளில் மீனோ இறைச்சியோ இல்லாதது அரிது. சைவர்கள் பழம், ரொட்டி என்று கையோடு கொண்டுபோவது நல்லது.

ஊருக்குள்

இங்கே ஒப்பீடு மூன்றுக்கு இடையில்: ஐசி கார்டு, சுரங்க ரயில் நேரப் பாஸ், வங்கி அட்டை.

ஐசி கார்டுதான் அடித்தளம். சுய்கா, பாஸ்மோ, இகோகா எனப் பெயர் வேறாக இருந்தாலும் 2013 முதல் பெரிய நகரங்களில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று செல்லும். ஜே.ஆர்., தனியார் ரயில், சுரங்க ரயில், பேருந்து, கடை, லாக்கர் எல்லாவற்றுக்கும் இது போதும்; எந்தக் கம்பெனி என்ற தலைவலியை எடுத்துவிடுகிறது. வைப்புத் தொகை 500 யென், அதிகபட்ச இருப்பு 20,000 யென். சிப் தட்டுப்பாட்டால் 2023-ல் நிறுத்தப்பட்ட சாதாரண சுய்கா விற்பனை 2025 மார்ச் 1-ல் மீண்டும் தொடங்கியது. விமான நிலையத்தில் கிடைக்கும் வெல்கம் சுய்காவுக்கு வைப்புத் தொகை இல்லை. ஆனால் 28 நாளில் காலாவதி, மீதிப் பணமும் திரும்பாது. ஐபோன் இருந்தால் வாலட்டிலேயே சுய்கா சேர்க்கலாம். வெளிநாட்டு அட்டை ஏற்காவிட்டால் செவன் இலெவன் கடையின் ஏ.டி.எம்.-மில் ரொக்கம் போட்டு நிரப்பலாம். ஜப்பானுக்கு வெளியே வாங்கிய ஆண்ட்ராய்டு போன்களில் இது பொதுவாக வேலை செய்யாது. பிளாஸ்டிக் கார்டு வாங்கிவிடுங்கள்.

கார்டு ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒரே கார்டால் இருவர் நுழைய முடியாது. 6 முதல் 11 வயதுக்குப் பாதிக் கட்டணக் கார்டு உண்டு. இயந்திரம் சாதாரணமாகத் தராது, பாஸ்போர்ட்டைக் கவுன்ட்டரில் காட்ட வேண்டும். 6 வயதுக்குக் கீழே, டிக்கெட் எடுத்த பெரியவர் ஒருவரோடு இரண்டு குழந்தைகள் இலவசம். ஒசாகாவில் வாங்கிய இகோகாவை டோக்கியோவில் திருப்பிக் கொடுத்து வைப்புத் தொகை வாங்க முடியாது, எனவே எந்த ஊரிலிருந்து நாடு திரும்புகிறீர்களோ அந்த ஊர்க் கார்டே வசதி.

கேட் சிவப்பாகி மூடினால் காரணம் பெரும்பாலும் நான்கில் ஒன்று. இருப்பு போதவில்லை: கேட்டுக்கு முன்னாலேயே நிற்கும் கட்டணச் சரிசெய் இயந்திரத்தில் ரொக்கம் போடலாம். போன் உறையில் வேறொரு அட்டையும் சேர்ந்திருக்கிறது: கார்டைத் தனியே எடுத்துத் தொடுங்கள். முந்தைய நிலையத்தில் வெளியேறும்போது சரியாகப் பதியவில்லை: ஊழியர் சாளரத்தில் கொடுத்தால் சரிசெய்வார். நான்காவது, கார்டு ஒரு வட்டாரத்தில் நுழைந்து இன்னொரு வட்டாரத்தில் வெளியேற முயல்வது. ஷின்கான்சென் ஏறாமல் டோக்கியோவிலிருந்து சாதாரண ஜே.ஆர். ரயிலில் அட்டாமியைத் தாண்டி மேற்கே போனால் இது நடக்கும். அத்தகைய பயணத்துக்குக் காகித டிக்கெட்டே வழி.

டோக்கியோ சப்வே டிக்கெட் என்ற நேரப் பாஸ் மெட்ரோ, தோயெய் இரண்டின் 13 பாதைகளிலும் செல்லும்; 24, 48, 72 மணி நேரம். நாள் கணக்கல்ல, முதல் முறை கேட்டில் செருகிய நிமிடத்திலிருந்து மணிக் கணக்கு. 2025-ல் 72 மணிச் சீட்டு 1,500 யென். சுரங்க ரயிலின் குறைந்தபட்சக் கட்டணம் 180 யென் என்பதால், பாஸ் விலையை நாட்களால் வகுத்து அதை 200-ஆல் வகுங்கள்; வரும் எண்ணைவிட அதிகமாக நாளொன்றுக்கு ஏறினால் லாபம். 72 மணிச் சீட்டு 1,500 யென் என்றால் நாளுக்கு மூன்று பயணம், 2,000 என்றால் நான்கு. உயேனோ, அசகுசா, கின்சா என்று சுற்றும் நாளில் எளிதாகத் தேறும். விடுதி யமனோத்தே பாதையை ஒட்டி இருந்தால் தேறாது, ஏனென்றால் யமனோத்தே சுரங்க ரயில் அல்ல, ஜே.ஆர். ரயில். சுரங்க ரயில்கள் பல, தங்கள் எல்லையைத் தாண்டித் தனியார் தண்டவாளத்தில் அப்படியே ஓடும். ஹனேதாவிலிருந்து அசகுசா வரும் ரயில் செங்ககுஜி வரை கெய்க்யூவுடையது. அந்தத் துண்டுக்குத் தனிக் கட்டணம்.

வங்கி அட்டையைத் தொட்டு நுழையும் வசதி ஒசாகா மெட்ரோவில் 2024 அக்டோபர் முதல் பரவலாக இருக்கிறது. ஆனால் டோக்கியோவின் ஜே.ஆர். கேட்டுகள் அதை ஏற்பதில்லை. மாற்று வழியாக வைத்துக்கொள்ளலாம், நம்பியிருக்க வேண்டாம்.

கியோட்டோவில் சுரங்க ரயில் பாதைகள் இரண்டே. ஃபுஷிமி இனாரி கோயிலுக்கு ஜே.ஆர். நாரா பாதையில் இனாரி நிலையம், கியோட்டோ நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம். எல்லா நிலையத்திலும் நிற்கும் ரயிலில் மட்டும் ஏறுங்கள், விரைவு ரயில் அங்கே நிற்காது. பேருந்துக்கு மட்டுமான பழைய ஒருநாள் பாஸ் இப்போது இல்லை. 1,100 யென்னுக்குச் சுரங்க ரயிலும் பேருந்தும் சேர்ந்த பாஸ் உண்டு. பேருந்துக் கட்டணம் 230 என்பதால் ஐந்து முறை ஏறினால்தான் தேறும். கார்டே போதும்.

சூட்கேஸும் கடைசி நாளும்

டோக்கியோவிலிருந்து ஒசாகா, ஹிரோஷிமா வழியாகக் கியூஷூ வரையிலான டொகைடோ, சன்யோ, கியூஷூ ஷின்கான்சென்னில் சூட்கேஸின் நீளம், அகலம், உயரம் கூட்டி 160 செ.மீ.-க்கு மேலிருந்தால் ரயில் பெட்டியின் கடைசி வரிசைக்குப் பின்னுள்ள இடத்தோடு சேர்ந்த இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். கூடுதல் காசில்லை, செய்யாமல் ஏறினால் 1,000 யென். பெரிய சூட்கேஸ் நான்கு இருந்தால், விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்குப் பார்சலாக அனுப்பிவிட்டு ஓரிரவுக்கு வேண்டியதை மட்டும் தோளில் போட்டுக்கொள்வதே நிம்மதி. டோக்கியோ – கியோட்டோ பெரும்பாலும் மறுநாள் சேரும். வயதானவர்கள் கூட வந்தால் இது செலவாகவே தோன்றாது, காரணம் லிஃப்ட் எல்லா வாசலிலும் இருப்பதில்லை. மஞ்சள் பலகையில் வாசல் எண்களைப் பார்த்து லிஃப்ட் உள்ள வாசலை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். டோக்கியோ நிலையத்தில் டிஸ்னிலேண்டுக்குப் போகும் கெய்யோ பாதை நடைமேடைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் நடக்க வேண்டியிருக்கும்.

ஊருக்குள் ஓடும் ரயில்கள் நள்ளிரவை ஒட்டி நின்று காலை ஐந்து மணி வாக்கில் மீண்டும் தொடங்கும். விடியற்காலை விமானமென்றால் முந்தைய இரவே நிலையத்துக்குப் பக்கத்தில் தங்குங்கள். ஒசாகாவிலிருந்து கன்சாய் விமான நிலையத்துக்கு ஜே.ஆர். விரைவு ரயிலில் போகிறவர்கள் ஏறும்போதே பெட்டி எண்ணைப் பார்க்க வேண்டும். ஹினேனோ நிலையத்தில் பல ரயில்கள் இரண்டாகப் பிரியும்: 1 முதல் 4 வரையிலான பெட்டிகள் விமான நிலையத்துக்கு, 5 முதல் 8 வரை வகயாமாவுக்கு. தவறான பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் ஹினேனோவில் நடைமேடையில் இறங்கி முன்பெட்டிக்கு நடந்துவிடுங்கள். அதற்கான நேரம் அங்கே ரயில் நிற்கும்.